மேடைக்கு செட் போடும் வேலை: வடசென்னையிலிருந்து தொடங்குபவர்களுக்கு

நாடகத்துக்கு செட் டிசைன் செய்ய வேண்டும் என்று வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் ஓவிய நோட்டோடுதான் வருவார்கள். நன்றாகவும் வரைந்திருப்பார்கள். "இந்தக் கதவு எத்தனை அடி உயரம்?" என்று கேட்டால் மட்டும் தயங்குவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவரைத்தான் ஒரு குழு அடுத்த நாடகத்துக்கும் கூப்பிடும். அளந்து, தாளில் குறித்து, கார்பென்டர் மறுகேள்வி கேட்காமல் அறுக்கிற மாதிரி கொடுப்பதுதான் இந்த வேலையில் பாதி. கற்பனையும் ரசனையும் அந்த அளவுக்குள் வந்து உட்கார வேண்டும்.

இது யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்த கட்டுப்பாடு இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். மாதவி ஆடிய மேடையை அளவோடு சொல்கிறது: இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் அளந்து ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். இரண்டு வாசல், மூன்று வகை எழினி (திரைச்சீலை), தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு. இன்று ஏதாவது ஓர் அரங்கத்தின் மேனேஜரிடம் மேடை விவரம் கேட்டால் அவர் கொடுக்கும் தாளிலும் ஏறக்குறைய இவைதான் இருக்கும்.

நம் பக்கத்துக்கும் இந்தத் தொழிலோடு பழைய உறவு உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை, சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் போட்டது. யானைக்கவுனி வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடைக் கொட்டகை இருந்தது. அந்தக் காலத்து செட் என்றால் பெரும்பாலும் படுதாதான்: அரண்மனைப் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா. பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து வந்த பழக்கம் அது. ஒன்றைச் சுருட்டி மேலே தூக்கினால் காடு போய் அரண்மனை வந்துவிடும். பிறகு நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ். மனோகர் நாடகங்களுக்குத் தந்திரக் காட்சிகளையும் பிரம்மாண்ட செட்டையும் பார்க்கவே கூட்டம் வந்தது. அப்புறம் சபா நாடகங்களில் ஒரு சோபா, ஒரு டெலிபோன், இரண்டு கதவு என்று சுருங்கிப் போனதும் நடந்தது. எனக்கு அந்த சோபா செட்டின் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் ஒரே நாளில் ஏற்றி இறக்க முடிந்த செட் அது என்பதை மறுக்க முடியாது.

முதலில் பார்க்கப் பழகுங்கள்

ஆரம்பத்தில் காசு செலவழிக்க எதுவும் இல்லை. நாடகம் பாருங்கள், ஆனால் நடு இருக்கையில் உட்காராதீர்கள். ஒருநாள் இடது ஓரத்துக் கடைசி நாற்காலி, இன்னொரு நாள் முன்வரிசை வலது மூலை. மேடையில் எது தெரிகிறது, எது மறைகிறது, பக்கத் திரைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டு நிற்கிற நடிகர் எங்கிருந்து கண்ணில் படுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம் நமக்கு நடை தூரம். எழும்பூர் மியூசியம் தியேட்டரும் பக்கம்தான். அங்கே இருக்கைகள் அரைவட்டமாக ஏறிப் போகும், ஓரத்தில் உட்கார்ந்தால் மேடையைக் கிட்டத்தட்ட பக்கவாட்டில் பார்ப்பீர்கள். ஒரே நாடகத்தை இந்த இரண்டு இடத்திலும் பார்க்க வாய்த்தால் ஒரு புத்தகம் படித்ததற்குச் சமம்.

இன்னொரு வழி, நாடகம் நடக்கிற நாள் மதியமே போய், "சாமான் இறக்க ஆள் வேண்டுமா அண்ணா?" என்று கேட்பது. யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். வண்டியிலிருந்து எது முதலில் இறங்குகிறது, எது கடைசியில், எந்தத் துண்டு கதவில் இடித்தது, யார் யாரைத் திட்டினார்கள் என்பதெல்லாம் பாடம்தான்.

நம் தெருக்களில் வருடம் முழுக்கப் பயிற்சிக் களம் இருக்கிறது என்பதை இங்கே வளர்ந்தவர்களே பல நேரம் கவனிப்பதில்லை. ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு சவுக்குக் கம்பு நட்டு சீரியல் லைட் தட்டி தூக்குகிறார்கள். விநாயகர் சதுர்த்திக்குப் பந்தல். டிசம்பரில் ராயபுரம், பெரம்பூர் பக்கத்து தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் குடில். தவக்காலத்தில் பாடுகளின் நாடகம். ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழாக்கள். இதில் ஏதாவது ஒன்றில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். பள்ளி ஆண்டு விழா செட்டைக் கேவலமாக நினைக்காதீர்கள். சொற்பப் பணம், இருநூறு குழந்தைகள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிகழ்ச்சி. இதைவிடக் கடினமான தேர்வு பெரிய அரங்கத்தில்கூட அமையாது.

மேடையை அளப்பது

எந்த மேடை என்று தெரியாமல் பென்சிலை எடுக்க வேண்டாம். 5 மீட்டர் டேப் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். நீள டேப் இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேடை வாயின் (பார்வையாளர் பக்கம் திறந்திருக்கும் முகப்பின்) அகலம், உயரம், முன்விளிம்பிலிருந்து பின்சுவர் வரை ஆழம், இரண்டு பக்கமும் ஒதுங்க எவ்வளவு இடம், மேலே தொங்கவிடக் குழாய் இருக்கிறதா, தரை மரமா சிமென்ட்டா, பிளக் பாயின்ட் எங்கே. இவற்றை எல்லோரும் அளப்பார்கள். எல்லோரும் மறப்பது சாமான் உள்ளே வரும் வழி. பின்வாசல் கதவின் அகலம், உயரம், மாடிப்படி திரும்பும் இடம், லிஃப்ட் உள்ளளவு. மேடை 30 அடி இருந்தாலும் கதவு 3 அடிதான் என்றால், உங்கள் செட்டின் ஒவ்வொரு துண்டும் அந்த 3 அடிக்குள் நுழைந்தாக வேண்டும்.

இரண்டு மூலைகளிலிருந்தும் மூலைவிட்டம் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லை என்றால் மேடையின் மூலைகள் செங்கோணமாக இல்லை, பழைய கட்டடங்களில் இது சகஜம். செட்டைச் செங்கோணமாக நிறுத்த கொத்தனார் செய்கிற வேலையையே செய்யுங்கள்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பது.

அரங்கத்துக்குள் நடக்காத நாடகங்களுக்கு வேறு கணக்கு. தெருமுனையில் மேடை போட்டால் மேலே மின்கம்பி எவ்வளவு தாழ்வாக ஓடுகிறது, நடுவில் தண்ணீர் லாரி வந்தால் எங்கே ஒதுங்குவது, எதிர் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும் என்று யோசிக்க வேண்டும். கம்பிக்கு அருகே இரும்புக் குழாய் எதையும் நிமிர்த்தாதீர்கள், இதில் சமாதானமே கிடையாது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று மாலையில் வலுக்கும். 8 அடிக்கு 12 அடி துணித்தட்டி ஒன்றை அங்கே நிறுத்தினால் அது பாய்மரம். பின்னால் முட்டுக் கொடுத்து மணல் மூட்டை வைக்க வேண்டும், அல்லது துணிக்குப் பதில் மீன் வலை போன்ற காற்றுப் புகும் பொருளுக்கு மாற வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளி என்றால் டிஸ்டெம்பர் அடித்த எதையும் நம்பாதீர்கள்.

பார்வையாளர்கள் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்பதும் அளவோடு சேர்ந்ததுதான். நம் ஏரியாவில் குத்துச்சண்டைப் போட்டி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: நாலு பக்கமும் ஆட்கள் இருக்கும்போது முதுகு என்று ஒன்று கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் இடுப்புக்கு மேல் உயரமான எதை வைத்தாலும் யாரோ ஒருவருக்கு மறைக்கும். தெருக்கூத்தில் இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரையும் ஒரு பெஞ்சும் போதும் என்று வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிரதியைப் படிப்பது

மூன்று முறை படியுங்கள். முதல் முறை சும்மா, கதைக்காக. இரண்டாவது முறை கையில் பென்சிலோடு: யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், எதன் மேல் உட்காருகிறார்கள், எது உடைகிறது, எது ஒளித்து வைக்கப்படுகிறது, காட்சி மாற எத்தனை நொடி. மூன்றாவது முறை காலம், பருவம், காசு. அந்த வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது சுவரின் நிறத்திலேயே தெரிய வேண்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒற்றை அறை வீடு, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. புதிதாக வருகிறவர் உடனே டிவி, பீரோ, கேஸ் அடுப்பு, சாமி படம், கொடிக்கயிறு, ஸ்டிக்கர் ஒட்டிய ஜன்னல் என்று எல்லாவற்றையும் நிரப்புவார். ஃபோட்டோவுக்கு நன்றாக இருக்கும். நடிகர்கள் நிற்க இடம் இருக்காது. அந்த வீட்டின் பிரச்சினை என்ன? தனியாக இருக்க இடம் இல்லை என்பது. அப்படியானால் ஒரு கதவு, ஒரு நீல டிரம், குறுக்கே ஒரு கொடி. கொடியில் புடவை தொங்கும்போது மட்டும் அது இரண்டு அறை. கதவு உள்பக்கம் திறந்தால் திறக்கிற ஒவ்வொரு முறையும் பாட்டி பாயைச் சுருட்ட வேண்டிவரும். நடிப்பவருக்கு அது ஒரு வேலை கொடுக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை நாள்கணக்கில் பேசி முடிவெடுத்தாலும் தப்பில்லை.

இயக்குநரிடம் போய் "என்ன மாதிரி செட் வேண்டும் சார்?" என்று கேட்காதீர்கள். பார்த்த சினிமா எதையாவது சொல்வார். "கடைசிக் காட்சியில் யார் தனியாக நிற்கிறார், அவரைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் வேண்டும்?" என்று கேளுங்கள். பேச்சு தானாக மேடைக்கு வந்துவிடும்.

பிளானும் மாடலும்

வெளிநாட்டு அரங்கங்களில் 1:25 அளவில் மாடல் செய்வார்கள். 1 மீட்டர் 4 சென்டிமீட்டராகும். நம் கார்பென்டர்கள் அடி, அங்குலத்தில் யோசிப்பதால் 1 அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொள்வது இங்கே சுலபம். அது 1:24, கிட்டத்தட்ட அதே அளவுதான். 30 அடி மேடை 15 அங்குல அட்டையாகும். ஐந்தரை அடி மனிதர் இரண்டே முக்கால் அங்குலம். முதலில் அந்த மனிதரை வெட்டி நிறுத்துங்கள், பிறகு மற்றதைச் செய்யுங்கள். மாடலில் ஆள் இல்லாவிட்டால் நாற்காலி எல்லாம் சிம்மாசனமாகிவிடும்.

முதல் மாடல் வெள்ளை அட்டையிலேயே இருக்கட்டும். நிறம் அடித்துவிட்டால் மாற்ற மனசு வராது. ஆண்டர்சன் தெருவில் அட்டை, காகிதம் மொத்த விலையில் கிடைக்கும். கட்டர் கத்தி, இரும்பு ஸ்கேல், ஃபெவிகால் இருந்தால் போதும். செய்து முடித்ததும் கண்ணை மேடை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள், மேலிருந்து பார்த்து ரசிக்கிறவர்தான் ஏமாறுவார். ஃபோனில் ஓர இருக்கையின் கோணத்திலிருந்து ஒரு படம், நடுவிலிருந்து ஒரு படம் எடுத்து இயக்குநருக்கு அனுப்புங்கள்.

பிறகு வரைபடங்கள். மேலிருந்து பார்க்கிற பிளான், முன்னிருந்து பார்க்கிற எலிவேஷன், ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தாள். பிளானில் இரண்டு ஓரக் கடைசி இருக்கைகளிலிருந்து மேடை வாயின் விளிம்பைத் தொட்டு உள்ளே கோடு இழுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் பகுதிக்குள் நடப்பதுதான் எல்லோருக்கும் தெரியும். முக்கியமான எதையும் அதற்கு வெளியே வைக்கக் கூடாது. கையால் வரையப் பழகிய பிறகு ஸ்கெட்ச்அப், ஆட்டோகேட், பிளெண்டர் எல்லாம் கற்றுக்கொள்ளலாம். பிளெண்டர் முழுக்க இலவசம். கம்ப்யூட்டரில் தொடங்கியவர்களின் சுவர்களுக்குப் பல சமயம் கனமே இருப்பதில்லை. திரையில் கோடு, கடையில் 18 மில்லி பிளைவுட்.

செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்

வடசென்னையில் பிறந்தவருக்கு இந்தத் தொழிலில் இருக்கிற பெரிய வசதி இதுதான். மண்ணடியில் இரும்பு, ஹார்டுவேர். கோடவுன் தெருவில் துணி. தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, அலங்காரச் சாமான். ஒரு காலைப் பொழுதில் நடந்தே எல்லாவற்றுக்கும் விலை விசாரித்துவிடலாம். அதைவிடப் பெரிய சொத்து ஆட்கள். வெல்டிங் பட்டறை, கார்பென்டர், பந்தல் போடுகிறவர்கள் நம் பக்கத்தில் எங்கும் இருக்கிறார்கள். காசிமேட்டில் ஃபைபர் படகு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாறையோ சிலையோ இலேசாக வேண்டும் என்றால் அச்சு எடுத்து ஃபைபரில் வார்க்கும் அந்த வேலைதான் வேண்டும். மேடைக்கு மேலே கயிறு கட்டப் பயன்படும் முடிச்சுகள் பலவும் படகுக்காரர்கள் தினமும் போடுகிற முடிச்சுகளே. போய்க் கற்றுக்கொள்ளுங்கள், சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் ஆள் தலைக்கு மேல் கனமான எதையும் அனுபவஸ்தர் இல்லாமல் தொங்கவிடாதீர்கள்.

போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட்டுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபிளெக்ஸ் வந்த பிறகு பலர் வேலையை விட்டுவிட்டார்கள். சின்னப் படத்தில் கட்டம் போட்டு 20 அடிக்குப் பெரிதாக்குவது, தூரத்திலிருந்து பார்த்தால் எந்தக் கோடு நிற்கும் எது கரைந்துவிடும் என்று தெரிவது, இரண்டே நிறத்தில் ஒரு தூணை உருண்டையாகக் காட்டுவது எல்லாம் அவர்களுக்குக் கை வந்தது. மேடைப் படுதா வரைவதற்கு வேண்டிய திறமை அப்படியே இதுதான். அப்படி ஒரு பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால் காலேஜில் சேர்வதற்கு முன்பே அவரிடம் கொஞ்ச நாள் பிரஷ் கழுவுங்கள்.

அடிப்படைத் துண்டு தட்டி. 2 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பரில் சட்டம் கட்டி, மூலைகளில் பிளைவுட் முக்கோணம் அடித்து, மேலே காடா துணியை இழுத்து ஒட்டி, பசை கலந்த வெள்ளை அடித்தால் துணி விறைத்துக்கொள்ளும். கதவு இருக்கிற தட்டி மட்டும் பிளைவுட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கோபமாகக் கதவைச் சாத்துகிற காட்சியில் வீடே ஆடும். அதைப் பார்த்துச் சிரிக்காத பார்வையாளர் இன்னும் பிறக்கவில்லை.

கனத்தை எப்போதும் கணக்கில் வையுங்கள். 8 அடிக்கு 4 அடி, 18 மில்லி பிளைவுட் ஒன்று சுமார் 35 கிலோ வரும். அதை எல்லா இடத்திலும் போட்டால் ஏற்றுகிறவர்கள் அடுத்த முறை ஃபோன் எடுக்கமாட்டார்கள். நடிகர் ஏறி நிற்கும் லெவலுக்கு மட்டும் அது, சுவருக்கு மெல்லியதும் துணியும் போதும். வண்டியையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். குட்டி யானை (டாடா ஏஸ்) வண்டியின் பின்பக்கம் ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். 8 அடித் தட்டி வெளியே நீட்டிக்கொண்டுதான் வரும். 7 அடியில் முடித்தால் கதவை மூடிக்கொண்டு போகலாம். தூரம் குறைவு என்றால் மீன்பாடி வண்டியே போதும், குறுகிய சந்துகளில் அதுதான் நுழையும்.

ஆணிக்குப் பதில் போல்ட், நடுக்கம்பியை உருவிக் கழற்றும் கீல். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பெரிய எண், எந்த எண்ணோடு எந்த எண் சேரும் என்ற குறி. படிக்கட்டு செய்தால் எல்லாப் படியும் ஒரே உயரம், 6 முதல் 7 அங்குலத்துக்குள். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடினாலும் இருட்டில் நடிகர் தடுக்கி விழுவார். மேடையில் மெழுகுவர்த்தி, கற்பூரம் இருந்தால் தெர்மோகோலைத் தூரமாக வையுங்கள். அது பற்றினால் உருகிச் சொட்டும், கரும்புகை வரும். பருத்தித் துணியை போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் நனைத்து உலர்த்தினால் சட்டென்று தீப்பிடிக்காது. ஒரு துண்டை வெளியே கொண்டுபோய்க் கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

நிறம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுத்தமான வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் குத்தும், நடிகர் முகம் கறுத்துப் போகும். கொஞ்சம் சாம்பலோ பழுப்போ கலந்து அடியுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் செத்துப்போகும். அதனால் லைட்டிங் செய்கிறவரிடம் பேசாமல் பெயின்ட் வாங்காதீர்கள். ஓர் அட்டையில் நிறங்களை அடித்து அவர் விளக்கின் கீழே காட்டினால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஏற்றுகிற நாளும் இறக்குகிற நாளும்

அரங்க வாடகை மணிக் கணக்கில் போகும். முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து வரிசை எழுதுங்கள். தரை விரிப்பு, லெவல், பின்தட்டி, பக்கத்தட்டி, மரச்சாமான், சின்னச் சாமான் என்ற வரிசையில் ஏறினால், வண்டியில் கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். விளக்கு கட்டுகிறவர்களுக்கு ஏணி நகர்த்த வெறும் மேடை வேண்டும், அவர்களோடு நேரத்தைப் பேசிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். சாக்பீஸ், ஒயர் டேப், உபரி போல்ட், கட்டுக்கம்பி, கத்தரி, டார்ச், முதலுதவிப் பெட்டி கையோடு இருக்கட்டும். கூட வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும். பசித்த ஆள் அடிக்கிற போல்ட்டை நான் நம்பமாட்டேன்.

நாடகம் முடிந்த இரவு எல்லோரும் செல்ஃபி எடுக்கும்போது நீங்கள் மேடையில் ஸ்பேனரோடு இருப்பீர்கள். செட்டை எங்கே வைப்பது என்பதை அன்றிரவு யோசிக்காதீர்கள். வடசென்னையில் இடம்தான் இல்லாதது. தட்டிகளை ஒரே அளவில் செய்து வைத்தால் அடுக்கவும் சுலபம், அடுத்த நாடகத்துக்கு வேறு நிறம் அடித்து எடுத்துக்கொள்ளவும் சுலபம்.

எங்கே படிக்கலாம்

படித்தால்தான் வர முடியும் என்றில்லை, ஆனால் படிப்பு வழியைக் குறைக்கும். எழும்பூரில் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. கலை இயக்குநர் தோட்டா தரணி படித்தது இங்கேதான். ஓவியமோ சிற்பமோ எடுத்தாலும் கண்ணும் கையும் பழகும். மேடையை நீங்களாகத் தேடிப் போக வேண்டும். பத்தாவது முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யை மறந்துவிட வேண்டாம்: டிராஃப்ட்ஸ்மேன் சிவில் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். வரைபடமும் வெல்டிங்கும் தெரிந்த செட் டிசைனர் எந்த ஊரிலும் பிழைப்பார். என்னைக் கேட்டால், வெறும் ஓவியம் படித்தவரைவிட அவருக்கு முதல் வேலை சீக்கிரம் கிடைக்கும்.

நாடகத்தையே படிக்க வேண்டுமானால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை, திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி, தில்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி. தில்லியில் மூன்று வருடப் படிப்பு, அரங்க வடிவமைப்பில் சிறப்புப் பயிற்சி உண்டு, மாணவர்களுக்கு உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். ஆனால் பட்டப்படிப்போடு நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். ஆகவே இன்று உள்ளூர்க் குழுவில் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் நோட்டீஸ், படம், குழுவின் கடிதம் எடுத்து வையுங்கள். சினிமாப் பக்கம் மனம் இருந்தால் புனே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கத்துக்குத் தனிப் படிப்பு இருக்கிறது.

காசு விஷயம்

நாடகத்தில் மட்டும் குடும்பம் நடத்துகிற செட் டிசைனர்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. இதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். சினிமா, சீரியலில் கலை இயக்குநரிடம் உதவியாளர், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கண்காட்சி ஸ்டால், தீவுத்திடல் பொருட்காட்சி அரங்குகள், கல்யாண மேடை. இவற்றில் வருகிற காசுதான் நாடகத்தைத் தாங்கும். சினிமாவுக்குப் போனால் பெப்சி என்ற சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்தில் இணைந்த சங்கத்தின் கார்டு என்ற கேள்வி வரும், உதவியாளராகச் சேரும்போதே அதைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். கல்யாண மேடை வேலையை இழிவாகப் பேசுகிற நாடகக்காரர்கள் உண்டு. ஒரே இரவில் ஏற்றி மறுநாள் மதியத்துக்குள் இறக்குவதை அங்கே கற்றுக்கொள்வதுபோல் வேறெங்கும் கற்க முடியாது.

உங்கள் கூலியையும் செட் செலவையும் ஒரே தொகையாகப் பேசவே பேசாதீர்கள். பிளைவுட் விலை ஏறினால் உங்கள் கூலிதான் கரையும். தாளில் தனித்தனியாக எழுதுங்கள்: டிசைன் கூலி, பொருள், ஆள் கூலி, வண்டி, ஏற்று இறக்குக் கூலி, சாப்பாடு, எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு. பொருள் வாங்கும் முன்னே முன்பணம். எத்தனை முறை டிசைனை மாற்றலாம் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். நண்பர்களுக்கு ஒரு முறை இலவசமாகச் செய்யலாம். மூன்றாவது முறையும் இலவசம் என்றால் அவர்கள் நண்பர்கள் இல்லை.

ஓபராவுக்குப் போக ஆசை இருந்தால்

ஓபரா என்பது பாட்டிலேயே கதை நடத்தும் ஐரோப்பிய நாடகம். அதற்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. இந்தியாவில் வாய்ப்பு குறைவு. மும்பையில் 1911-இல் திறந்த ராயல் ஓபரா ஹவுஸ் 2016-இல் மறுபடி திறந்தது, ஆனால் ஐரோப்பாவில் இருப்பதுபோல் தினம் ஓர் ஓபரா நடக்கிற அரங்கம் இங்கே இல்லை. நமக்கு அந்நியமான கலை என்றும் நினைக்க வேண்டாம். பாட்டிலேயே கதை நடத்துவது தெருக்கூத்துக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் வழி நாடகத்துக்கும் பழக்கமானதுதான்.

வேலையில் வித்தியாசம் இதுதான். பாடகர்கள் பெரும்பாலும் மைக் இல்லாமல் முழு வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்கப் பாட வேண்டும். பின்னால் கனத்த துணி தொங்கினால் குரலை அது குடித்துவிடும், கெட்டியான சுவர் இருந்தால் குரல் முன்னே வரும். மேடைக்கு முன் பள்ளத்தில் நிற்கும் இசை நடத்துநரின் கை பாடகர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பாடகரைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தும் செட் சண்டையில்தான் முடியும். பெரிய அரங்குகளில் கோரஸ் மட்டும் பல பத்துப் பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுகிற படிக்கட்டுக்குக் கனக் கணக்கு வேண்டும். இன்று ஒரு கதை, நாளை வேறு கதை என்று மாறி மாறி நடப்பதால் செட் சில மணி நேரத்தில் கழன்று இன்னொன்று நிற்க வேண்டும். புச்சீனியின் டோஸ்கா முடிவில் நாயகி கோட்டைச் சுவரிலிருந்து குதிப்பாள். பார்வையாளர் சுவரைப் பார்க்கிறார். டிசைனர் அதற்குப் பின்னால் மெத்தை எங்கே, அது எவ்வளவு உயரம், பாடகிக்கு இறங்க வழி எது என்று பார்க்கிறார்.

ஜெர்மன் அரங்குகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. செட் கட்டும் முன்பே, பல மாதம் முன்னால், மரச்சட்டமும் துணியும் வைத்து மேடையில் அதன் உருவத்தை மட்டும் முழு அளவில் நிறுத்தி எல்லோரும் இருக்கைகளிலிருந்து பார்ப்பார்கள். மாடலில் தெரியாத தவறு அங்கே தெரியும். நாமும் செய்யலாம், மொட்டை மாடியில் சவுக்குக் கம்பும் பழைய புடவையும் போதும்.

வழி என்று கேட்டால், ஓபராவிஷன் தளத்தில் ஐரோப்பிய அரங்குகளின் முழு நிகழ்ச்சிகள் இலவசமாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி மாற்றத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று பிளான் போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் படிக்கவோ பயிற்சிக்கோ போக சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை கலைஞர்களுக்கு நிதி உதவி செய்கிறது. ஜெர்மன் மொழி நாடுகளின் அரங்குகளில் செட் உதவியாளர் என்றே தனிப் பதவி உண்டு, பலர் அதன் வழியாகத்தான் டிசைனராகிறார்கள். அதற்கு மொழி வேண்டும். நுங்கம்பாக்கத்தில் கோத்தே இன்ஸ்டிடியூட் வகுப்பு நடத்துகிறது.

விண்ணப்பத்தோடு அனுப்பும் வேலைத் தொகுப்பில் பத்துப் பதினைந்து பக்கம் போதும். ஒவ்வொரு நாடகத்துக்கும் நான்கு விஷயம்: முதல் கிறுக்கல், அளவோடு பிளான், மாடல் படம், நடிகர்கள் நிற்கும் மேடைப் படம். கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் பார்க்கிறவர் நம்புவார். ஒத்துப்போகாத இடத்தில் ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "கதவு 3 அடிதான் இருந்தது" என்று எழுதினாலும் சரி, வேலை தெரிந்த எவருக்கும் அது புரியும்.